டலா பட்டறையில் செய்து வாங்கிய மடக்குக் கத்தி

கத்தி கைக்கு வந்து ஒரு மழைக்காலம் முழுசாகப் போய்விட்டது, இனி தைரியமாக எழுதலாம். ரங்கூன் பன்சோடான் ஜெட்டியில் படகு ஏறி அக்கரையில் டலாவில் இறங்கி, ஒரு சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) பிடித்தால் கொஞ்ச நேரத்தில் பட்டறை வந்துவிடும். பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் லாரி ஸ்பிரிங் பட்டைகள் குவிந்து கிடக்கும், உள்ளே சம்மட்டிச் சத்தம் கேட்கும், அதுதான் அடையாளம். நடத்துகிற அண்ணன் நம்ம ஆள். அவர் தாத்தா, வெள்ளைக்காரர் காலத்தில் ஐராவதி ஆற்றில் கப்பல் ஓட்டிய ஐராவதி ஃபுளோட்டில்லா கம்பெனியின் டலா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவராம். 1942-ல் ஜப்பான் படை வந்தபோது அந்தக் கம்பெனி தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது, ஆனால் இரும்பு வேலை இந்தக் குடும்பத்தை விட்டுப் போகவில்லை.

எனக்குப் பார்சல் ஆபீசில் வேலை. நாளெல்லாம் நைலான் கயிறும் சாக்கும் அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டவுனில் ஒரு கடையில் வாங்கிய பளபளப்பான ஸ்டெயின்லெஸ் கத்தி இரண்டே வாரத்தில் வாய் மடங்கிப்போனது, கொண்டுபோய்க் காட்டினால் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார்கள். அதைவிட முக்கியமான விஷயம், நான் லுங்கி கட்டுகிறவன், கத்தியை இடுப்பில்தான் செருகுவேன். தானாகத் திறந்துகொள்ளும் கத்தி எனக்கு ஆகாது.

அண்ணன் முதலில் கேட்டது விலையைப் பற்றி இல்லை, "என்ன அறுப்பீங்க தம்பி?" என்றுதான் கேட்டார். அப்புறம் மூன்று காயலான் சாமான்களை முன்னால் வைத்தார்: ஸ்பிரிங் பட்டை, தேய்ந்த அரம், ஒரு பேரிங் வளையம். அரத்தில் கார்பன் அதிகம், கூர் நன்றாக நிற்கும், ஆனால் மெல்லிசாகத் தேய்த்தால் ஒடியும், மலிவான அரம் என்றால் மேல்தோல் மட்டும்தான் கெட்டி, உள்ளே வெறும் இரும்பு என்றார். பட்டையில் கார்பன் அதில் பாதி, சுமார் 0.6 சதவீதம்தான், ஆனால் லாரிச் சுமையை வருஷக்கணக்கில் தாங்கிய இரும்பு, கயிறு அறுக்கும்போது பக்கவாட்டில் திருகினாலும் உடையாது. சரி, பட்டையே என்று முடிவு செய்தோம்.

இங்கேதான் இந்தப் பட்டறை மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகிறது. பழைய பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், முக்கியமாக நடுவில் போல்ட் போகும் ஓட்டையைச் சுற்றி. அண்ணன் பட்டையைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு மேலே சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்தார். சிறிது நேரத்தில் வெள்ளைக்குள் முடி மாதிரி ஒரு ஈரக்கோடு எழுந்து வந்தது. அந்தப் பட்டையைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டார். இரண்டாவது பட்டை சுத்தம். அதிலிருந்து விரல் அளவு துண்டு வெட்டி, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, வைஸ் இடுக்கியில் வைத்து உடைத்து, உடைந்த முகத்தைக் காட்டினார். மாவு மாதிரி நைசாக இருந்தது. சர்க்கரை மாதிரி பொரபொரவென்று இருந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தமாம்.

தண்டவாளத் துண்டுதான் பட்டடை. அலகை அடித்து மெலிதாக்கி, ராத்திரி முழுக்க உமிச் சாம்பலில் புதைத்துவிடுகிறார்கள், மெதுவாக ஆறினால்தான் மறுநாள் அரம் ஏறும், ஓட்டையும் போட முடியும். தோய்ச்சல், அதாவது அலகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்குவது, போடும் நாளில் நானும் கூடவே நின்றேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைச் சிவந்த அலகுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார், ஒட்டினால் மறுபடி உலைக்குள். 770 டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும், அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சூடேற்றி நேராக எண்ணெய்க்குள் இறக்குகிறார். அப்போது அலகு கண்ணாடி மாதிரி, கீழே போட்டால் உடையும். அதைத் தேய்த்து வெள்ளையாக்கி, காய்ந்த இரும்புப் பலகை மேல் முதுகுப்பக்கம் படும்படி வைக்கிறார். முதுகில் வைக்கோல் நிறம் எழுந்து, பழுப்பாகி, ஊதாவாகி, மெல்ல மெல்ல வாயை நோக்கி நகர்கிறது. அந்த வைக்கோல் நிறம் வாய் ஓரத்தைத் தொட்ட நொடியில் தண்ணீரில் போட்டார். முதுகு நீலம், வாய் மஞ்சள். அவர் பேச்சே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடத்துக்காகவே இன்னொரு தடவை படகேறிப் போவேன்.

பிடி பர்மா தேக்கு, இடித்த வீட்டின் ஜன்னல் சட்டம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, மழையில் ஊதாது, பக்கத்தில் இருக்கும் இரும்பையும் அரிக்காது. அலகு மடங்கும் ஆணி, பித்தளை வெல்டிங் கம்பி. பூட்டு, ஸ்பிரிங் எதுவும் கிடையாது, ஆணியின் இறுக்கம்தான் அலகை நிறுத்துகிறது.

குறை அந்த ஆணியில்தான். இரண்டாவது வாரமே லூசாகி, ஒருநாள் இடுப்பில் பாதி திறந்திருந்தது. பயந்துவிட்டேன். எடுத்துக்கொண்டு போனேன், "என் தப்புதான் தம்பி, வாஷர் மெல்லிசாப் போச்சு" என்று உடனே ஆணியைத் தட்டி எடுத்து, தடித்த வாஷர் போட்டு, புது ஆணியின் தலையைப் பரத்திக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதற்கப்புறம் இன்றுவரை அசையவில்லை. ஆனாலும் என்னைப் போல இடுப்பில் செருகுகிறவர்கள் முதலிலேயே இறுக்கமாகக் கேட்டு வாங்குங்கள், இரண்டு கையாலும் திறக்கும் அளவுக்கு.

தோய்ச்சலுக்குப் பழைய என்ஜின் ஆயில் பயன்படுத்துகிறார்கள், அந்தப் புகை கெட்டது, உதவிக்கு நிற்கும் பையனை நினைத்தால் கவலையாக இருக்கிறது. கடலை எண்ணெய்க்கு மாறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கரண்ட் இருக்கும் நேரத்தில்தான் கிரைண்டர் ஓடும், உலைக்கு மட்டும் கையால் சுற்றும் துருத்தி. அதனால் பத்து நாள் என்றது மூன்று வாரம் ஆனது. விலை 45,000 கியாட், டவுன் கத்தியைப் போல இரண்டு மடங்கு.

மே முதல் அக்டோபர் வரை மழையில் அலகு கறுத்துவிட்டது, எலுமிச்சை அறுத்தால் இன்னும் கறுக்கும். துரு இல்லை, ராத்திரி துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். சாணைக்கல்லில் மாதம் ஒருமுறை நாலு இழுப்பு, நைலான் கயிறு சத்தமில்லாமல் அறுபடுகிறது.

போகிறவர்கள் காலையில் போங்கள், தோய்ச்சல் என்றைக்கு என்று கேட்டு அன்றைக்கே போங்கள். அம்மாவுக்கு ஒரு பாக்குவெட்டி சொல்லி வைத்திருக்கிறேன், மிச்சமிருந்த அதே பட்டையில்.