இன்வெர்ட்டரா, சாதா ஏர்கானா? ரங்கூன் கரண்டுக்கு எது தாங்கும்

ரங்கூன்ல தாம்வே பக்கம் புதுசா வாடகைக்குப் போன மாமா பையன் போன்ல கேட்டான், "அண்ணே, இன்வெர்ட்டர் ஏர்கான் வாங்கவா, சாதாவே போதுமா"ன்னு. நான் ரெண்டையும் வச்சு ஓட்டிப் பாத்தவன், அதனால அவன்கிட்ட சொன்னதையே கொஞ்சம் விரிச்சு எழுதுறேன். நான் சாதா பக்கம்தான். காசு விட்டுட்டு வந்து சேந்த பக்கம், அதையும் இப்பவே சொல்லிடுறேன்.

எல்லாருக்கும் தெரிஞ்சது: இன்வெர்ட்டர்ல சத்தம் கம்மி, ரூம் ஒரே சீரா குளிரும், விலை கூட. சாதாவுல கம்ப்ரஸர் ஓடினா முழுசா ஓடும், நின்னா முழுசா நிக்கும், நடுராத்திரி அது டொக்குன்னு எழும்புறப்ப நமக்கும் முழிப்பு வரும். குளிர்ச்சில பெரிய வித்தியாசம் இல்ல, 1 எச்பின்னா ரெண்டுலயும் குளிர்ச்சி அளவு சுமாரா 9000 பிடியுதான்.

கரண்டு மிச்சம்னு சொல்லித்தான் கடைக்காரன் இன்வெர்ட்டர நம்ம தலைல கட்டுவான். அது பொய் இல்ல. ஆனா எப்ப மிச்சமாகும்? ரூம் ஒரு தடவ குளுந்துட்டா அப்புறம் கம்ப்ரஸர் வேகத்தக் கொறச்சுக்கிட்டு மெதுவா ஓடுது பாருங்க, அந்த மெது ஓட்டத்துலதான் மிச்சமே. எங்க தெருவுல இப்போதைக்கு நாலு மணி நேரம் கரண்டு வந்தா அப்புறம் எட்டு மணி நேரம் வராது. நாங்க இருக்கிறது மேல் மாடி, தஜான் சமயத்துல, அதாவது நம்ம சித்திரை பொறக்குற நேரம், சுவரத் தொட்டாலே சுடும். கரண்டு வந்ததும் மெஷின் முழு மூச்சா ஓடி அந்த சுவரோட சூட்ட இறக்குறதுக்கே ரெண்டு மணி நேரம் போயிடுது, அப்புறம் கொஞ்ச நேரம் மெதுவா ஓடும், அதுக்குள்ள மறுபடி கரண்டு போயிடும். என் பில்லுல பெருசா ஒன்னும் கொறைஞ்ச மாதிரி தெரியல. கரண்டு விடாம வர்ற ஏரியால இருக்கிறவங்களுக்கு கணக்கு வேற.

நான் சாதாவுக்கு மாறினதுக்குக் காரணம் பில்லு இல்ல, ரிப்பேர். 2022ல இன்வெர்ட்டர் 1.5 எச்பி வாங்கினேன், ரெண்டு வருசம் நல்லாத்தான் ஓடுச்சு. 2024 ஏப்ரல்ல ஒரு சாயங்காலம் கரண்டு வந்துச்சு, கீழ பசங்க வழக்கம்போல "மீ லாபீ"ன்னு, அதாவது கரண்டு வந்துருச்சுன்னு கத்துறாங்க, கட்டடம் பூரா ஃபிரிஜ்ஜும் தண்ணி மோட்டாரும் ஒரே நேரத்துல எழும்புது, லைட்டு மங்குச்சு, உடனே பளீர்னு ஏறுச்சு. வெளி யூனிட்ல பட்டுன்னு ஒரு சத்தம். அவ்ளோதான். மெக்கானிக் பர்மாக்காரர், கம்பிக்கு வெளிய தொங்கிக்கிட்டே மூடியக் கழட்டி "அக்கோ (அண்ணே), இங்க பாரு"ன்னு காட்டினார். உள்ள இருக்கிற எலக்ட்ரானிக் போர்டுல ஒரு பக்கம் கருகி மை பூசின மாதிரி இருக்கு, பெரிய கெப்பாசிட்டர் தலை வீங்கி நிக்குது. போர்டையே மாத்தணுமாம், விலை புது செட்டு விலைல மூணுல ஒரு பங்கு. சரி மாத்துங்கன்னா சாமான் ஊர்ல இல்ல, பாங்காக்ல இருந்து வரணும். வாங்கின கடைல ரெண்டு வாரம்னு சொன்னாங்க, பத்து வாரம் ஆச்சு, வந்து சேர்றப்ப வெளிய மழை கொட்டுது. அடுத்த வெயிலுக்குள்ள ஒரு பல்லி உள்ள பூந்து போர்டுல ரெண்டு முனையத் தொட்டுச்சு, அதுவும் செத்துச்சு போர்டும் செத்துச்சு. பல்லி சகுனம் பாக்கிற எங்கம்மா இதுக்கு என்ன பலன்னு சொல்லல.

சாதாவுல என்ன கெடும்? அடிக்கடி போறது கெப்பாசிட்டர், எப்பவாவது ஃபேன் மோட்டார், ரிலே. என் பழைய 1 எச்பில மூணு தடவ கெப்பாசிட்டர் போச்சு, மூணு தடவையும் அன்னிக்கே சரியாச்சு, ரெண்டு பிளேட் டான்பௌ (பர்மா பிரியாணி) காசுதான். மேல போட்டிருக்கிற மைக்ரோ ஃபேரட் அளவப் பாத்து அதே அளவு வாங்கணும், வோல்ட் மட்டும் கொறையக் கூடாது. எந்தக் கம்பெனி மெஷினுக்கும் எந்தக் கம்பெனி கெப்பாசிட்டரும் சேரும், எந்த சாமான் கடைலயும் கிடைக்கும். இன்வெர்ட்டர் போர்டு அப்படி இல்ல, அந்த மாடலுக்கு அந்த போர்டுதான். சாமான் இறக்குமதியே இழுபறியா இருக்கிற ஊர்ல நான் பாத்தது இந்த ஒன்னத்தான்.

இன்வெர்ட்டருக்கு நியாயமா ஒன்னு சொல்லணும். வோல்டேஜ் 170, 180னு கிடக்குறப்ப அது சமாளிச்சு ஓடிடும், சாதா கம்ப்ரஸர் எழும்ப முடியாம உர்ருன்னு உறுமிட்டு ட்ரிப் ஆகும், அப்படியே விட்டா காயில் கருகும். அதனால சாதா வாங்கினாலும் டிலே வச்ச (கரண்டு வந்ததும் கொஞ்ச நேரம் காத்திருந்து விடுற) ஸ்டெபிலைசர் இல்லாம மாட்டாதீங்க. கரண்டு போனதும் பிரேக்கர இறக்கிடுங்க, திரும்ப வந்து அஞ்சு நிமிசம் கழிச்சு ஏத்துங்க. இத நான் 2022லயே செஞ்சிருக்கலாம்.

வீட்ல சோலார், லித்தியம் பேட்டரி வச்சிருந்தா நான் சொன்னத மறந்துடுங்க. சாதா கம்ப்ரஸர் எழும்புறப்ப ஓடுறத விட நாலஞ்சு மடங்கு ஆம்பியர் இழுக்கும், சின்ன பேட்டரி செட்டு அங்கயே படுத்துடும். இன்வெர்ட்டர் மெதுவா ஏறும், ரூம் குளுந்தப்புறம் முன்னூறு நானூறு வாட்டுல நிக்கும். 5 கிலோவாட் அவர் பேட்டரின்னா 1 எச்பி ராத்திரி பூரா தாங்கும்னு பொட்டதாங்ல இருக்கிற கூட்டாளி சொல்றான். அவன் மாட்டி ஒரு வெயில்தான் ஆச்சு, நான் அவன் வீட்ல ஒரு ராத்திரி படுத்ததோட சரி.

சாதாவ செகண்ட் ஹேண்ட்ல எடுத்தா வெளி யூனிட்ல ஒட்டியிருக்கிற தகட்டுல என்ன கேஸ்னு பாருங்க. ஆர்-22 மெஷின்ல ஆர்-32 ஊத்திக்கலாம்னு சில பேர் சொல்வாங்க, விடாதீங்க, பிரஷர் ஒன்றரை மடங்குக்கு மேல, ஆயிலும் வேற, ஆர்-32 தீப்பிடிக்கிற வகையும் கூட. மாமா பையனுக்கு நான் பாத்து வச்சிருக்கிறது ஆர்-410ஏ போட்ட 1 எச்பி சாதா, ஞாயித்துக்கிழம ஓட்டிப் பாக்கப் போறோம், கரண்டு வர்ற டைம் பாத்துத்தான்.