ட்வின் பீக்ஸ் இசைத்தொகுப்பு: திரையை அணைத்த பிறகும் நிற்கிறதா?

தொலைக்காட்சித் தொடருக்கு இசையமைப்பவருக்கு வாய்க்கும் இடம் பெரும்பாலும் வசனத்தின் அடியில்தான். பேச்சு ஓய்ந்தால் எழவும் பேச்சு தொடங்கினால் ஒடுங்கவும் பழகிய அந்த இசை தனியே கேட்கும்போது தாங்குமா என்ற ஐயத்தோடுதான் ஆஞ்சலோ படலமெண்டியின் ‘ட்வின் பீக்ஸ்’ இசைத்தொகுப்பை வாங்கினேன். 1990 ஏப்ரலில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் இது. தொகுப்பு அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. மொத்தம் 11 உருப்படிகள், 50 நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவு.

1937இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த படலமெண்டி, முறையாக இசை பயின்று, சில காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். 1986இல் வெளியான ‘புளூ வெல்வெட்’ படத்துக்காக நடிகை இசபெல்லா ரோசலினிக்குப் பாடப் பயிற்சி அளிக்க வந்தவரை, அப்படத்தின் இயக்குநரும் பின்னர் ‘ட்வின் பீக்ஸ்’ தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவருமான டேவிட் லிஞ்ச் அப்படத்தின் இசையமைப்பாளராகவே ஆக்கிக்கொண்டார். ஏறக்குறைய ஐம்பது வயதில் கிடைத்த திருப்பம் அது.

தொகுப்பின் உயிர் இரண்டாவது உருப்படியான ‘லாரா பால்மர்ஸ் தீம்’, தொடரில் கொலையுண்ட பெண்ணான லாரா பால்மருக்கு உரிய இசை. லிஞ்ச் அருகில் அமர்ந்து இருண்ட காட்டையும் அதிலிருந்து தனியே வரும் ஒரு பெண்ணையும் வாய்மொழியாக விவரிக்க, அதைக் கேட்டபடியே கீபோர்டில் வாசித்து இதை உருவாக்கியதாகப் படலமெண்டி பின்னாளில் சொல்லியிருக்கிறார். கீழ்ச்சுரங்களில், சோகம் தொனிக்கும் மைனர் சுரவரிசையில் நகரத் தெரியாததுபோல் கிடக்கும் இசை, மெல்லத் தெளிவாக ஒலிக்கும் மேஜர் சுரவரிசைக்கு மாறிப் படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரு கணம் உடைந்து, மறுபடியும் பழைய இருளுக்கே இறங்குகிறது. தொடரில் துண்டு துண்டாகக் கேட்ட இந்த ஏற்றத்தை, இங்கே ஐந்து நிமிடங்களும் குறுக்கீடின்றிக் கேட்கும்போதுதான், அழுகையும் ஆறுதலும் ஒரே மெட்டில் எப்படி அடங்கின என்பது புரிகிறது. இதை இரவில், ஹெட்ஃபோனில் கேட்பதே நல்லது. பகல் வெளிச்சத்தில் சற்று மிகையாகத் தோன்றும்.

விரல் சொடுக்கும் ஒலியும், உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனும், நடைபோடும் பாஸும் சேர்ந்த ‘ஆட்ரீஸ் டான்ஸ்’ குறும்பு கலந்த ஜாஸ். அதே வண்ணத்தில் ‘ஃப்ரெஷ்லி ஸ்குவீஸ்ட்’, ‘டான்ஸ் ஆஃப் த ட்ரீம் மேன்’ என்று தொடரும்போது, காட்சி இல்லாத குறை கொஞ்சம் தெரியத்தான் செய்கிறது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லிஞ்ச் வரிகள் எழுதி ஜூலி குரூஸ் பாடிய மூன்று பாடல்களும் 1989இல் வந்த அவருடைய ‘ஃப்ளோட்டிங் இன்டு த நைட்’ ஆல்பத்தில் ஏற்கெனவே உள்ளவை. அது கையில் இருப்பவர்களுக்குத் தொகுப்பின் கால்பங்குக்கும் மேல் புதிதல்ல. தவிர, இறுதிப் பாடலான ‘ஃபாலிங்’, தொடக்கத்தில் வரும் முகப்பு இசையின் அதே மெட்டுதான். வார்த்தையின்றி ஒலிக்கும் முகப்பு இசையே எனக்கு உசத்தி. கிராமி விருதும் அதற்குத்தான் கிடைத்தது.

இரண்டாம் பருவத்தின் இசைக்குத் தனியாக 2007இல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. தொடரை முழுதும் பார்த்தவர்கள் அதையும் தேடலாம். புதியவர்களுக்கு முதல் தொகுப்பே போதும், அதிலும் முதல் இரண்டு உருப்படிகளை வரிசை மாற்றாமல் கேட்க வேண்டும்.