ஆப்லாக்: அப்படியே விடுவதா, அணைப்பதா, கோப்பு பார்த்து விலக்குவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் அலுவலகத்தில் ஐந்து கணினிகள், மூலையில் ஒரு சாம்பா சர்வர் (விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளைப் பகிர்ந்து தரும் மென்பொருள் ஓடுவது). காவடிக்குப் பெயர் பதிவது ஓர் ஆக்சஸ் தரவுத்தளக் கோப்பில். 2023-இல் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது, கரண்ட் போய் வந்ததும் சில பெயர்களைக் காணோம். சர்வருக்கு யூபிஎஸ் உண்டு, மேசைக் கணினிகளுக்குக் கிடையாது. என் சந்தேகம் ஆப்லாக் மேல் போனது: திறந்த கோப்பைக் கணினி தன்னிடமே வைத்துக்கொள்ள சர்வர் தரும் அனுமதி அது.

சாம்பாவில் அது இயல்பாகவே இயங்கும். "இந்தக் கோப்பை நீ மட்டும்தான் திறந்திருக்கிறாய், உன்னிடமே வைத்துத் திருத்திக்கொள்" என்று சர்வர் ஒரு கணினியிடம் ஒப்படைக்கிறது. இன்னொருவர் அதே கோப்பைத் திறந்தால், கையில் இருப்பதைக் கேட்டு வாங்கும். வேர்டு கோப்பு, நோட்டீஸ், படம் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் திருத்தங்களை இன்னும் சர்வருக்கு அனுப்பாமல் வைத்திருந்த கணினியே அணைந்துவிட்டால்?

கோபத்தில் சாம்பாவின் அமைப்புக் கோப்பில், ஷேர் (பகிர்ந்த கோப்புறை) முழுவதற்கும் "ஆப்லாக்ஸ் = நோ" போட்டேன். அது போனால் படிப்பதற்கு மட்டுமான லெவல் 2 ஆப்லாக்கும் கூடவே போய்விடும். திருவிழாப் படங்கள் நகரவே இல்லை. கணக்கு எழுதும் அக்கா இரண்டே நாளில் வந்து நின்றார்: "என்ன தம்பி, சர்வர் தூங்குதா?"

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. "வீட்டோ ஆப்லாக் ஃபைல்ஸ்" என்ற வரியில், ஆக்சஸ் கோப்புப் பெயர்களின் முடிவுகளான எம்டிபி, ஏசிசிடிபி, அவற்றின் பூட்டுக் கோப்புகளான எல்டிபி, எல்ஏசிசிடிபி ஆகியவற்றை மட்டும் எழுதினால் போதும். பலர் சேர்ந்து எழுதும் கோப்புக்கு ஆப்லாக் கிடையாது, மற்றவை பழைய வேகத்தில் ஓடும்.

"ஸ்ட்ரிக்ட் லாக்கிங்" தீர்வு என்று சிலர் சொல்வார்கள். அது வேறு சங்கதி: ஒவ்வொரு வாசிப்பிலும் எழுத்திலும் பூட்டு இருக்கிறதா என்று சர்வரே பார்ப்பது. இயல்பான "ஆட்டோ" நிலையில், ஆப்லாக் இல்லாத கோப்புகளுக்கு அது தானாகவே நடக்கும், தொட வேண்டாம். "கெர்னல் ஆப்லாக்ஸ்" வேண்டியது, அதே கோப்புகளை என்எஃப்எஸ் (லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகள் கோப்பு பகிரும் முறை) வழியாக வேறொரு கணினியோ, சர்வரில் ஓடும் நிரலோ திறக்கும்போதுதான். அதற்கு விலையாக லெவல் 2-ஐ இழப்போம்.

மாற்றியதும் எல்லோரும் கோப்பை மூடித் திறக்க வேண்டும். அப்புறம் எஸ்எம்பி-ஸ்டேட்டஸ் கட்டளையில் ஆக்சஸ் கோப்புக்கு நேரே "நோன்" (ஆப்லாக் இல்லை) என்று வந்தால் சரி.

இப்போதும் கரண்ட் போனால் பாதி தட்டிய பதிவு போகும், கோப்பு பழுதாகவும் வாய்ப்புண்டு. மேசைகளுக்கும் யூபிஎஸ் கேட்டேன். காவடி முடியட்டும் என்றது கமிட்டி.