ஃபயர்வாலுக்கு கோடு எழுதினால் பெயர் யாருக்கு, உரிமை யாருக்கு?

ஓப்பன் சோர்ஸ் ஃபயர்வால் ஒன்றுக்கு பேட்ச் (கோடில் செய்த திருத்தம்) அனுப்பக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் "பிஎஸ்டியா, ஜிபிஎல்லா" என்று உரிமத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். பிஎஸ்டி என்றால் யாரும் எடுத்து, மூலக் கோடைக் காட்டாத மூடிய பொருளிலும் வைக்கலாம்; ஜிபிஎல் என்றால் பகிர்கிறவர் மூலக் கோடையும் அதே உரிமத்தில் தர வேண்டும். எழுதிய கோடின் (நிரலின்) தலையில் யார் பெயர் நிற்கும், அந்தப் பெயரை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்பதை யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கில் பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ், லினக்ஸின் நெட்ஃபில்டர் என்ற மூன்று ஃபயர்வால்களையும் இங்கே அலசலாம்.

அதற்கு முன் ஒரு பழைய சண்டை. 2001 வரை ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் இருந்த ஃபயர்வால், டேரன் ரீட் எழுதிய ஐபிஃபில்டர். இந்த உரிமக் குறிப்பை அப்படியே வைத்திருங்கள், மூல ஆசிரியருக்கும் பங்களித்தவர்களுக்கும் உரிய பெயர் கொடுங்கள், அப்புறம் பயன்படுத்தலாம், பகிரலாம் என்றது அதன் உரிமம். பெயர் கொடுப்பதில் இதைவிட ஒழுங்கான வரி கிடையாது. ஆனால் மாற்றி எழுதலாம் என்று அதில் எங்குமே இல்லை. அந்த ஆண்டு மே மாதம், என் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்றுதான் அர்த்தம் என ரீட் வெளிப்படையாகவே எழுதிச் சேர்க்க, மாதக் கடைசியில் ஓப்பன்பிஎஸ்டி ஐபிஃபில்டரைத் தூக்கி வெளியே போட்டது. ஜூனில் டேனியல் ஹார்ட்மெயரின் பிஎஃப் உள்ளே வந்தது. பிஎஃப்சென்ஸ் என்ற பெயரில் இருக்கும் பிஎஃப் அதுதான்.

சரி, பிஎஃப்சென்ஸுக்கு வருவோம். 2004-இல் மேனுவல் காஸ்பரின் மோனோவால் என்ற ஃபயர்வாலிலிருந்து பிரிந்து வந்தது. இன்று அதன் பிஎச்பி கோப்பு ஒன்றைத் திறந்தால் மேலே பிஎஸ்டி பெரிமீட்டர், எலெக்ட்ரிக் ஷீப் ஃபென்சிங், ரூபிகான் கம்யூனிகேஷன்ஸ் (நெட்கேட் என்றால்தான் தெரியும்) என்று வரிசையாகக் கம்பெனிப் பெயர்கள். மோனோவாலில் பிறந்த கோப்பு என்றால் அடியில் காஸ்பரின் பெயரும் இருக்கும். பேட்ச் அனுப்பியவரை கிட் வரலாற்றில்தான் (யார் எதை மாற்றினார் என்ற பதிவில்) தேட வேண்டும். பேட்ச் அனுப்புகிறவர் கம்பெனியோடு கையெழுத்திடும் பங்களிப்பாளர் ஒப்பந்தம் வேறு உண்டு. உரிமமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பிஎஸ்டியில் தொடங்கி, நடுவில் கம்பெனியின் சொந்த உரிமம், 2016-இல் அப்பாச்சி 2.0. 2021-இல் பிஎஃப்சென்ஸ் பிளஸ் என்று மூடிய பதிப்பு ஒன்று தனியாக வந்தபோது, ஒப்பந்தம் இருந்ததால்தான் மூட முடிந்தது என்று பலர் கொதித்தார்கள். அது சரியில்லை. அப்பாச்சி, பிஎஸ்டி எதுவானாலும் யார் வேண்டுமானாலும் எடுத்து மூடிய பொருளுக்குள் வைக்கலாம். ஒப்பந்தத்தால் கம்பெனிக்குக் கிடைப்பது வேறு வசதி: நாளை உரிமத்தையே மாற்றத் தோன்றினால் எழுதியவர் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் அப்பாச்சிக்காகச் சொல்லிவிட வேண்டும், பேடன்ட் அனுமதியை அது எழுத்திலேயே தருகிறது, இரண்டு விதி பிஎஸ்டி அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஓபிஎன்சென்ஸ், நெதர்லாந்தின் டெசிசோ கம்பெனி 2015 ஜனவரியில் பிஎஃப்சென்ஸிலிருந்து பிரித்தது. அடுத்த மாதம் மோனோவாலை மூடிய காஸ்பர், தன் பயனர்களை இங்கே போகச் சொன்னார். (இரண்டு தரப்புக்கும் இருந்த பகை சாதாரணமில்லை. ஓபிஎன்சென்ஸ் பெயரில் இருந்த டாட்காம் முகவரியை நெட்கேட் தரப்பு வைத்துக்கொண்டு கிண்டல் பக்கம் நடத்த, 2017-இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போ தலையிட்டு அதை டெசிசோவுக்கு மாற்றச் சொன்னது.) உரிமம் இரண்டு விதி பிஎஸ்டி. கோப்புகளின் தலையில் கம்பெனியோடு தனி ஆட்களின் பெயரும் ஆண்டும் உண்டு. உரிமக் கோப்பில் அந்தப் பெயர்கள் எல்லாம் நீளப் பட்டியலாகவே இருக்கும். இவர்கள் எழுதிய கோடை எடுத்து விற்கிறவரும் அந்த வரிகளை அழிக்கக் கூடாது. ஆனால் அவ்வளவுதான். பெயர் நிற்கும், ஆனால் எடுத்தவர் மாற்றி எழுதிய கோடு திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நெட்ஃபில்டர் கதையே வேறு. ஜிபிஎல் 2, ஒப்பந்தம் எதுவும் கிடையாது, எழுதினவருக்கே பதிப்புரிமை, ஒவ்வொரு பேட்சின் அடியிலும் அனுப்பியவர் கையொப்ப வரி போட வேண்டும். இங்கே பெயருக்குப் பல் இருக்கிறது. 2004-இல் நெட்ஃபில்டர் எழுதியவர்களில் ஒருவரான ஹரால்ட் வெல்டே, சைட்காம் கம்பெனி தன் ரவுட்டரில் நெட்ஃபில்டரை வைத்து ஜிபிஎல் நிபந்தனையை மீறி விற்கிறது என்று ம்யூனிக் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கினார். ஒரு தனி ஆளால் அது முடிந்ததற்குக் காரணம் பதிப்புரிமை அவர் கையிலேயே இருந்தது. அதே பல் வேறு மாதிரியும் கடித்தது. நெட்ஃபில்டர் மையக் குழுவின் தலைவராக இருந்த ஒருவரே தன் பங்கு பதிப்புரிமையைக் காட்டிக் கம்பெனிகளிடம் பணம் பார்க்கிறார் என்று புகார் கிளம்ப, 2016-இல் குழு அவரை இடைநீக்கம் செய்தது. 2022-இல் சமரசமாகி, இனி உரிமத்தை அமலாக்கும் நடவடிக்கை என்றால் மையக் குழுவின் பெரும்பான்மை வாக்கு வேண்டும் என்று முடிவானது.

என்னைக் கேட்டால், ரூல் பக்கத்தில் ஒரு பட்டன், மொழிபெயர்ப்பு மாதிரி சின்ன வேலைக்கு ஓபிஎன்சென்ஸ் போதும். தலைப்பில் உங்கள் பெயரை நீங்களே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி கண்விழித்து எழுதிய பெரிய மாட்யூலை யாரும் மூடி விற்கக் கூடாது என்றால் ஜிபிஎல் உள்ள இடம்தான். பிஎஃப்சென்ஸ், ஏற்கெனவே ஆஃபீஸில் அதை ஓட்டுகிறவர்களுக்கு: பேட்ச் உள்ளே போய்விட்டால் ஒவ்வொரு அப்டேட்டிலும் நாமே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம், அதற்காக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். ஆஃபீஸ் நேரத்தில் எழுதிய கோடு என்றால் அது சட்டப்படி உங்கள் முதலாளியுடையதாக இருக்கலாம், கையெழுத்துக்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.