ஆட்டுப்பாலா, பாக்கெட் பாலா? யாருக்கு எது?

செங்குன்றம் பக்கம் நாலு வெள்ளாடு வளர்க்கும் ஒரு அக்கா, காலையில் எங்கள் மாதவரம் தெருவுக்கு ஆட்டுப்பால் கொண்டுவருகிறார். பாக்கெட் பாலை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு இதையே கொடுக்கலாமா என்று பக்கத்து வீடுகளில் கேட்கிறார்கள். நானும் அவரிடம் வாங்குகிறேன், ஆனால் பாக்கெட் பாலுக்குப் பதிலாக இதை மாற்றமாட்டேன்.

100 கிராம் ஆட்டுப்பாலில் கொழுப்பு 4 கிராம், புரதம் மூன்றரை கிராம் அளவுக்கு இருக்கும். பசும்பாலில் இரண்டும் சற்றுக் குறைவு, கால்சியமும் அப்படித்தான். ஆனால் ஆவின் பச்சைப் பாக்கெட்டிலேயே கொழுப்பு 4.5 சதவீதம். அதை வாங்கும் வீட்டுக்கு இதில் புதிதாக எதுவும் கிடைக்காது.

செரிமானத்தில் ஆட்டுப்பால் ஒரு படி மேல். கொழுப்புத் துளிகள் சிறியவை, வயிற்றில் இளகலாகத் திரியும். (ஆட்டுப்பால் தயிர் கெட்டியாக உறையாததற்கும் இந்த இளக்கம்தான் காரணம்.) ஆனால் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கிட்டத்தட்ட அதே அளவு, அதனால் பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு இதிலும் உப்பும். பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் சேராது.

எனக்குப் பயம், இரத்தம் ஊற வேண்டிய ஃபோலேட் என்ற வைட்டமினை நினைத்துத்தான். 100 கிராம் பசும்பாலில் 5 மைக்ரோகிராம் இருந்தால் ஆட்டுப்பாலில் 1தான். பி12 இன்னும் மோசம், ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஆட்டுப்பாலை மட்டுமே குடித்த கைக்குழந்தைகளுக்கு இரத்தசோகை வந்ததை ஐரோப்பிய மருத்துவர்கள் நூறு வருடம் முன்பே கண்டு, ஆட்டின் பெயரையே அந்த நோய்க்கு வைத்தார்கள். ஒரு வயதுக்குள் பசும்பாலும் வேண்டாம், ஆட்டுப்பாலும் வேண்டாம்.

அப்புறம், கறந்தபடியே வரும் பாலைப் பொங்கக் காய்ச்ச வேண்டும். புரூசெல்லா என்ற காய்ச்சல் கிருமி ஆட்டுப்பால் வழியாகப் பரவுவதை 1905லேயே மால்டா தீவில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சரி, இதெல்லாம் பாக்கெட் பால் வாங்க வசதியுள்ள எங்களுக்கு. தெற்கே கன்னி ஆடு, கொடி ஆடு வளர்க்கும் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே கறிக்காக வளர்ப்பவை, குட்டி குடித்தது போக மிஞ்சும் பால் கொஞ்சம்தான். வேறு பாலே இல்லாத வீட்டில் அந்த ஒரு டம்ளர் பெரிய விஷயம். புரதம், கால்சியம், வைட்டமின் ஏ எல்லாம் அதில் வந்துவிடும். ஃபோலேட்டுக்கு முருங்கைக்கீரையும் பாசிப்பயறும், பி12க்கு முட்டையும் சேர்த்தால் போதும்.

எங்கள் தெருவுக்கு வரும் அக்கா கறந்ததை முழுக்க விற்றுவிட்டு, மூன்று வயதுப் பேத்திக்குப் பாலில்லாத டீ கொடுக்கிறார். போன வாரம் அவரிடம், "எனக்குக் கால் லிட்டர் குறைச்சே ஊத்துங்க அக்கா, அதைப் பாப்பாவுக்கு வச்சிக்கோங்க, காசு முழுசா தரேன்" என்று சொல்லிவிட்டேன்.