பழைய சென்சாருக்குப் புது எஞ்சினில் ஓர் இடம்: அலுமினிய ஹோஸ் அடாப்டர், எட்டு மாத அனுபவம்

என் லேண்ட் ரோவர் சீரிஸ் 3-இல் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, நவீன 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை ஏற்றினேன். வண்டி முதல் நாளே நன்றாக ஓடியது. ஆனால் டேஷ்போர்டில் இருந்த டெம்பரேச்சர் முள் மட்டும் அசையவே இல்லை.

போனில் ஓபிடி ரீடர் (எஞ்சின் கம்ப்யூட்டரின் தகவல்களைப் படிக்கும் கருவி) வழியாக டிகிரி கணக்கில் எல்லாம் தெரிகிறதே, பழைய மீட்டரின் ஓட்டையில் ஒரு டிஜிட்டல் மீட்டர் வைத்துவிடு என்று சொன்னவர்கள் பலர். எனக்கு மனம் வரவில்லை. ஏற்றத்தில் கியரைக் குறைக்கும்போது அந்த முள் எங்கே நிற்கிறது என்று கண் தானாகப் போய்ப் பார்த்துவிட்டு வரும். பல வருடப் பழக்கம் அது. அந்த மீட்டர் உண்மை பேச வேண்டும், அவ்வளவுதான் என் தேவை.

புது எஞ்சினின் சென்சார் வயரிலேயே பழைய மீட்டரையும் இணைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: செய்யாதீர்கள். ஈசியு, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர், தன் சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்து, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து வெப்பத்தைக் கணக்கிடுகிறது. அதே வயரில் மீட்டரையும் தொங்கவிட்டால் அந்தக் கணக்கே கெட்டுவிடும். பெட்ரோல் அளவு, ஃபேன் ஓடும் நேரம் எல்லாம் அதோடு சேர்ந்து தப்பும். பழைய மீட்டர் வேறு வகை. வோல்டேஜைச் சீராக்கும் ஸ்டெபிலைசரிலிருந்து சராசரியாக 10 வோல்ட் வருகிறது. மீட்டருக்குள் இருக்கும், இரண்டு உலோகங்கள் ஒட்டிய பைமெட்டல் தகடு கரண்டில் சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. சென்சார் சூடாகச் சூடாக அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும், கரண்ட் கூடும், முள் ஏறும். இந்த மீட்டருக்கு அதன் ஜோடிச் சென்சார்தான் வேண்டும். அதன் முனை கூலன்டில் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) நனைந்தே ஆக வேண்டும்.

சிக்கல் மரையில்தான். பழைய சென்சாரின் மரை 5/8 அங்குல யுஎன்எஃப் (அங்குல அளவு மரை வகை), அங்குலத்துக்கு 18 மரை, கிட்டத்தட்ட 16 மி.மீ. தடிமன். புது எஞ்சினின் ஹெட்டில் (எஞ்சினின் மேல் பகுதி) கிடைத்த ஒரே காலித் துளை எம்12, 1.5 பிட்ச், அதாவது 12 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி. அதனால் முதலில் வாங்கியது ஒரு பித்தளை அடாப்டர்: ஒரு பக்கம் எம்12, மறு பக்கம் சென்சார் நுழையும் அகலக் கிண்ணம். மரை கச்சிதமாக உட்கார்ந்தது, ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஆனால் ஓபிடி 95 டிகிரி காட்டும்போதும் முள் பாதிக்குக் கீழேயே நின்றது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. சென்சாரின் முனை எஞ்சினுக்குள்ளே போகவே இல்லை. ஹெட்டுக்கு வெளியே, அந்தக் கிண்ணத்தில் தேங்கிய கூலன்டில் இருந்தது. அங்கே ஓட்டம் கிடையாது, சுற்றி அடிக்கும் காற்றில் ஆறவும் செய்யும். மரை பொருந்தியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முனை ஓடும் கூலன்டில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் வாங்கியதுதான் இந்த ஹோஸ் அடாப்டர். 38 மி.மீ. அலுமினியக் குழாய், நடுவில் 5/8 யுஎன்எஃப் மரை வெட்டிய ஒரு மேடு. ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி நடுவில் செருக வேண்டும். வேலைப்பாடு நன்றாக இருக்கிறது. இரண்டு முனையிலும் வரம்பு போல ஒரு விளிம்பு இருப்பதால் பிரஷரில் ஹோஸ் கழன்று வராது. மரை சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. செம்பு வாஷர் போட்டுச் சென்சாரை முடுக்கினால் முனை குழாயின் நடுவில் வந்து நிற்கிறது, எதிர்ச் சுவரைத் தொடவில்லை. இந்த ஒன்றுக்காகவே எனக்கு இதைப் பிடித்துப்போனது.

ஒரு பெரிய குறை உண்டு. குழாய் முழுக்கக் கறுப்பு அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம்) செய்திருக்கிறார்கள். பார்க்க அழகு, ஆனால் அந்தப் படலம் கரண்டைக் கடத்தாது. ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் உடம்புதான் எர்த், அதாவது கரண்ட் திரும்பும் வழி. ஹோஸோ ரப்பர். எனவே அடாப்டரிலிருந்து எஞ்சினுக்குத் தனியாக எர்த் வயர் இழுக்க வேண்டும், அதற்கு ஒரு ஸ்க்ரூவும் தந்திருக்கிறார்கள். இழுத்தேன், முள் அசையவில்லை. சென்சார் வயரைக் கழற்றி ஒரு நொடி பாடியில் தொட்டதும் முள் எழுந்தது, ஆக மீட்டரில் குற்றமில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் எர்த் ஸ்க்ரூவுக்கும் சென்சார் உடம்புக்கும் தொடர்பே இல்லை. ஸ்க்ரூ உட்காரும் இடத்தையும் சென்சார் வாஷர் உட்காரும் முகத்தையும் உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்த பிறகுதான் முள் உயிர் பெற்றது. பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்.

எர்த் அறவே இல்லையென்றால் முள் எழாது, உடனே தெரிந்துவிடும். அரைகுறை எர்த்தான் ஆபத்து. ரெசிஸ்டன்ஸ் கூடுவதால் மீட்டர் உண்மையைவிடக் குளிர்ச்சியாகக் காட்டும். எஞ்சின் கொதிக்கும்போதும் நாம் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்போம். அதனால்தான் மரையில் உலோகத் தொடர்பைத் தடுக்கக்கூடிய டெஃப்லான் டேப்பும் நான் சுற்றவில்லை. எஞ்சின் மாற்றியவர்கள் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே தடிமனான எர்த் பட்டை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பொருத்தும்போது சென்சாரை வானம் பார்க்க வைக்காதீர்கள். மேட்டில் காற்றுக் குமிழி தங்கி முனையை மூடிவிடும். நான் பக்கவாட்டில், சற்றுக் கீழ்நோக்கி வைத்தேன். ஹோஸை இழுத்துப் பிடித்த மாதிரி வெட்டவும் கூடாது. எஞ்சின் மவுண்டில் அசையும், கொஞ்சம் தளர்வு வேண்டும்.

மாட்டுவதற்கு முன் சென்சாரை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, எர்த் கொடுத்து, மீட்டரோடு இணைத்துச் சூடாக்கிப் பார்த்தேன். 80 டிகிரியிலும் 90 டிகிரியிலும் முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டேன். வண்டியில் எஞ்சின் சூடான பிறகு ஓபிடியோடு ஒப்பிட்டால் அந்தக் குறிகளோடு ஒத்துப்போகிறது. பழைய எஞ்சினில் 82 டிகிரி தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) இருந்தது, இதில் 92. ஆகவே முள் இப்போது முன்பைவிட ஒரு முள் அகலம் மேலே நிற்கிறது. முதல் வாரம் அதைப் பார்த்துப் பதறினேன், இப்போது பழகிவிட்டது.

இந்த இடத்துக்கென்று இரண்டு குறைகள் இருக்கின்றன. தெர்மோஸ்டாட் திறக்கும்வரை மேல் ஹோஸில் ஓட்டம் இல்லாததால் முள் வெகு நேரம் தூங்கும், திறந்ததும் சட்டென்று ஏறும். இது தொல்லை இல்லை. மற்றது கவனிக்க வேண்டியது: எங்காவது ஒழுகிக் கூலன்ட் இறங்கிவிட்டால் முதலில் காலியாவது மேல் ஹோஸ்தான். முனை வெறும் காற்றில் நிற்க, எஞ்சின் சூடேற ஏற முள் இறங்கும். அதற்காக ரேடியேட்டர் மேல் டேங்கில் கூலன்ட் அளவு குறைந்தால் எரியும் விளக்கு ஒன்றைச் சேர்த்தேன். இந்த அடாப்டரை வாங்குபவர்கள் அதையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

எட்டு மாதத்தில் ஒழுகல் இல்லை, கிளாம்ப்களை ஒரே ஒரு முறை மறுபடி முடுக்கினேன். ஹெட்டிலேயே சென்சார் முழுதாக நுழையும் துளை உங்களுக்கு இருந்தால் இது தேவையில்லை, அதுவே சிறந்த இடம். இல்லையென்றால் தயங்காமல் வாங்கலாம். ஆர்டர் போடும் முன் ஹோஸின் உள் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், வெளி விட்டத்தை அல்ல. நான் முதலில் வெளி விட்டத்தை அளந்து 45 மி.மீ. குழாயை வரவழைத்து, திருப்பி அனுப்பி, இன்னும் பத்து நாள் காத்திருந்தேன்.