திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கும் தரகர்

சென்னைக்கு மாற்றலாகி வருபவர்கள், ஒரே நாளில் வீடு பார்த்து முடித்துவிடலாம் என்ற நினைப்பில் இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன மே மாதம் எனக்கு 20,000 ரூபாய் பறிபோனது.

பாளையங்கோட்டையிலிருந்து நானும் மனைவியும் வந்து காலையில் தாம்பரத்தில் இறங்கினோம். அலுவலகம் கிண்டியில் என்பதால் வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் பார்ப்பதாகத் திட்டம். தரகர் முதலில் கேட்டது வாடகையைப் பற்றி அல்ல. "திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு, சார்?" அக்கறையாக்கும் என்று நினைத்து, இன்று இரவே என்றேன். ஊர் எது என்று தெரிந்ததும் 'சார்' போய் 'அண்ணாச்சி' வந்தது. அதிலேயே பாதி விழுந்துவிட்டேன்.

மதியம் தாண்டியும் காட்டியதெல்லாம் உதவாத வீடுகள். ஒன்றில் சமையலறைக்கு ஜன்னலே இல்லை. இன்னொன்றில் சுவரில் இடுப்பளவுக்குக் கறை. 2015 வெள்ளம் நின்ற உயரம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நல்ல வீடு வெளியே வந்தது மாலை ஐந்து மணிக்கு. மடிப்பாக்கத்தில் தரைத்தளம், இரண்டு படுக்கையறை, வாடகை 18,000. புதுப் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. குழாயைத் திறந்தேன், தண்ணீர் கொட்டியது. வெயிலில் அலைந்து வந்தவனுக்கு அது போதாதா?

சாவியோடு வந்தவர் தன்னை வீட்டுக்காரரின் மைத்துனர் என்றார். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறாராம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழகிப்போன ஒன்று. இவரோ, "சட்டத்தில் இருப்பது மூன்று மாதம்தானே, அது போதும்" என்றார். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் அப்படி இருப்பது உண்மைதான். சட்டம் பேசுகிறவர் ஏமாற்றமாட்டார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அவருடைய நகக்கண்களில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்ததைப் பார்த்தேன். சொந்த வேலை போலப் பார்க்கிறாரே என்று மெச்சிக்கொண்டேன், வேறென்ன சொல்ல.

மேல்வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றாள் மனைவி. அதற்குள் தரகருக்கு அழைப்பு வந்தது. "இன்னொரு பார்ட்டி டோக்கன் தரத் தயாராக இருக்கிறார், அண்ணாச்சி. உங்களுக்கும் ரயிலுக்கு நேரமாகிறது." அவளை அவசரப்படுத்தியது நான்தான். நின்ற இடத்திலேயே கைப்பேசியில் 20,000 அனுப்பினேன். பணம் போன கணக்கு தரகர் பெயரிலும் இல்லை, மைத்துனர் பெயரிலும் இல்லை. கேட்டதற்கு, "அக்கா பெயர்" என்றார் மைத்துனர்.

ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னவர் நான்கு நாள் சாக்குச் சொன்னார். ஐந்தாம் நாள் எண் அணைந்திருந்தது. மறுநாள் அலுவலக நண்பரை நேரில் அனுப்பினேன். அந்த வீட்டில் ஒரு குடும்பம் பால் காய்ச்சிக் குடியேறியிருந்தது. வீட்டுக்காரர் துபாயிலும் இல்லை, எங்கும் இல்லை, மேல்வீட்டில்தான் இருக்கிறார். நாங்கள் போன அன்று வெளியூர் போயிருந்தாராம், அவருடைய அம்மா மட்டும் வீட்டில். 'மைத்துனர்' அவர் பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்ட ஆள். வேலைக்காகக் கொடுத்த சாவி.

சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். பணம் அனுப்பி ஆறு நாள் கழித்து அழைத்தவனுக்கு வங்கியில் கிடைத்த பதில், கணக்கில் பணம் இல்லை என்பது. சாக்குச் சொல்லத் தொடங்கிய அன்றே அழைத்திருந்தால் முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். டோக்கன் தருமுன் மின் கட்டண ரசீதும் சொத்து வரி ரசீதும் கேட்டிருக்கலாம். பத்திர எண் வாங்கியிருந்தால், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமலே பார்த்திருக்கலாம். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் எரிச்சல்.

இப்போது நண்பரின் அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் மனைவி வருகிறாள். இந்த முறை மேல்வீட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான் வாடகைப் பேச்சே என்று சொல்லியிருக்கிறாள். திரும்பிப் போக டிக்கெட் எடுக்கவில்லை.